பழைய கம்ப்யூட்டரில் புது இயங்குதளம்: அது எதற்காகக் காத்திருக்கிறது?

"பத்து வருஷத்துக்கு முந்தைய லேப்டாப், இதில் புது இயங்குதளம் போட்டால் ஓடுமா?" என்று யாராவது கேட்டால் ப்ராசசர் என்ன என்று நான் முதலில் கேட்பதில்லை. உள்ளே இருப்பது சுற்றும் தகடுள்ள ஹார்ட் டிஸ்கா, தகடில்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டியா என்று கேட்பேன், அப்புறம் ரேம் எவ்வளவு என்று. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும். பழைய மெஷின் மெதுவாக இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அது வேலையே செய்வதில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும், சில சமயம் எதுவும் செய்ய முடியாது என்பதும், தானாகத் தெரிந்துவிடும்.

என்னிடம் 2012-இல் வாங்கிய ஒரு லேப்டாப் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் புது இயங்குதளம் ஏற்றிய முதல் நாள் டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் பிரவுசர் ஐகானை இரண்டு முறை தட்டியும் எதுவும் நடக்கவில்லை. ஓரத்தில் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், அது திறக்கவே அரை நிமிஷம் ஆனது. சிபியு, அதாவது ப்ராசசர், 12 சதவீதம். மெமரி 81. டிஸ்க் 100. ஐந்தாறு நிமிஷம் ஆகியும் அந்த 100 கீழே இறங்கவே இல்லை. ப்ராசசர் கிட்டத்தட்ட சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் மூச்சுத் திணறுகிறது. அந்த இடத்தில் எவ்வளவு வேகமான ப்ராசசர் இருந்திருந்தாலும் அதுவும் அதே வரிசையில்தான் நின்றிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை, அதாவது விநாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அது இன்னொரு பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடி. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு 60 துண்டு படித்தாலே பெரிது. பெரிய படம் ஒன்றை வரிசையாகக் காப்பி செய்யும்போது இதே டிஸ்க் நன்றாகவே ஓடும், அதனால்தான் பலருக்கு டிஸ்க் மேல் சந்தேகமே வருவதில்லை. ஆனால் இயங்குதளம் துவங்கும் நேரத்தில் நடப்பது வரிசையான வேலை இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை ஒரே நேரத்தில் பத்து புரோகிராம்கள் கேட்கின்றன: அப்டேட் இருக்கிறதா என்று ஒன்று பார்க்கிறது, வைரஸ் சோதனை ஒருபக்கம் நடக்கிறது, ஃபைல்களைத் தேடுவதற்கான அட்டவணையை இன்னொன்று தயாரிக்கிறது. சுற்றும் தகடே இல்லாத எஸ்எஸ்டி இதே மாதிரியான சிதறிய படிப்பை விநாடிக்குப் பத்தாயிரக்கணக்கில் செய்துவிடும். சாதா சாட்டா எஸ்எஸ்டியைத்தான் சொல்கிறேன், பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் இடத்தில் அப்படியே பொருந்துவது.

புது இயங்குதளங்களை உருவாக்குபவர்களும் சோதிப்பவர்களும் எஸ்எஸ்டி உள்ள மெஷின்களில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னணியில் இருபது வேலை ஒன்றாக நடந்தாலும் அவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்குத்தான் அந்த இருபதும் தெரியும்.

சரி, ரேம். ரேம் என்பது இப்போது கையில் எடுத்து வேலை செய்துகொண்டிருக்கும் விஷயங்களை வைத்திருக்கும் இடம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்குச் சொல்லாமல் விடுவது, அந்த இடம் நிரம்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதை. கம்ப்யூட்டர் நின்றுவிடாது. அதிக நேரமாகத் தொடாத பகுதிகளைத் தூக்கி டிஸ்க்கில் ஒரு மூலையில் வைத்துவிட்டு இடத்தைக் காலி செய்துகொள்ளும். விண்டோஸில் பேஜ் ஃபைல் என்றும், இலவச இயங்குதளமான லினக்ஸில் ஸ்வாப் என்றும் சொல்வது இதைத்தான். 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக இந்தப் போக்குவரத்து நடக்கிறது. நீங்கள் அரை மணி நேரம் தொடாமல் வைத்திருந்த ஒரு டேபுக்குத் திரும்பிப் போகிறீர்கள், அதற்குரிய 200 எம்பி டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 200 எம்பி என்றால் 51,200 பக்கங்கள். எல்லாமே சிதறிக் கிடந்து, விநாடிக்கு 60 வீதம் திரும்ப எடுத்தால் 14 நிமிஷம். அவ்வளவு மோசமாகப் போவதில்லை, ஏனென்றால் இயங்குதளம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றைச் சேர்த்தே படித்துக்கொள்ளும், எல்லாமே ஒரே நேரத்தில் தேவையும்படாது. ஆனால் ரேம் குறைவாகவும் ஹார்ட் டிஸ்க் மெதுவாகவும் இருக்கும் மெஷினில் டேப் மாற்றினால் ஏன் பத்து விநாடி உறைந்து நிற்கிறது என்பது இதில் புரியும். இரண்டு குறையும் தனித்தனியாக இருந்தால் சமாளிக்கலாம், ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஆளைக் கொல்லும். அதே காரணத்தால், எஸ்எஸ்டி போட்டதும் ரேம் பிரச்சினையும் பாதி குறைந்த மாதிரி தெரியும். ரேம் கூடவில்லை, நிரம்பி வழிவதற்கான தண்டனைதான் குறைந்திருக்கிறது.

புது இயங்குதளத்துக்கு ஏன் இவ்வளவு ரேம் வேண்டியிருக்கிறது? விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தபோது குறைந்தபட்சம் 64 எம்பி கேட்டது. 2007-இல் விஸ்டா 512 எம்பி, 2009-இல் விண்டோஸ் 7 ஒரு ஜிபி, 2021-இல் விண்டோஸ் 11 கேட்டது 4 ஜிபி. இருபது வருஷத்தில் 64 மடங்கு. இதில் ஒரு பகுதி வெறும் கவனக்குறைவு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ரேம் மலிவாகும்போது அதை மிச்சப்படுத்தி எழுதும் பழக்கம் குறையத்தான் செய்கிறது. ஆனால் இன்னொரு பகுதி நமக்காகவே செலவாகிறது. 2018 ஆரம்பத்தில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று ப்ராசசர்களில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியில் தெரிந்தன. அதே வருஷம் குரோம் பிரவுசர் ஒவ்வொரு இணையதளத்தையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கும் முறைக்கு மாறியது, ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. அதற்கு மட்டும் சுமார் 10 சதவீதம் அதிக மெமரி ஆனது. அந்த ஓட்டைகளுக்கான அப்டேட்களால் பழைய ப்ராசசர்களின் வேகமும் கொஞ்சம் குறைந்தது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டரில் இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். "எக்ஸ்பி பறந்ததே, அதையே வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போகாததும் இதனால்தான்: நெட் இணைப்பு இல்லாத மெஷின் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், நெட்டில் இருந்தால் வேண்டாம்.

இப்போது ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது" என்று திரையில் வந்தால் அதற்கு அர்த்தம் "மெதுவாக இருக்கும்" என்பது இல்லை. விண்டோஸ் 11 கேட்பதில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட்டும், குறிப்பிட்ட ப்ராசசர் பட்டியலும் இருக்கின்றன. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இதனால் ஆறாம் தலைமுறை ஐ7-உம் 16 ஜிபி ரேமும் உள்ள நல்ல மெஷின் வெளியே நிற்கிறது, இரண்டே கோர் உள்ள செலரான் என்4000-உம் 4 ஜிபி ரேமும் உள்ள சின்ன லேப்டாப் உள்ளே போய்விடுகிறது. வேகத்தை வைத்துப் பார்த்தால் தலைகீழ். அதனால் அனுமதி வேறு, திறன் வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் இருக்கின்றன, ரூஃபஸ் என்ற இலவசக் கருவி பென் டிரைவ் தயாரிக்கும்போதே அதைச் செய்து கொடுக்கும். ஆனால் அப்படி நிறுவிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. அதைவிட முக்கியம், 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டி என்ற கட்டளைகள் இல்லாத ப்ராசசரில் விண்டோஸ் 11 துவங்கவே துவங்காது, அங்கே எந்தச் சுற்று வழியும் வேலை செய்யாது. கோர் 2 டுவோ காலத்து மெஷின்கள் எல்லாம் இதில் அடிபட்டுப் போகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதால், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின் வைத்திருக்கும் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது லினக்ஸைத்தான்.

லினக்ஸ் என்றதும் "எந்த லினக்ஸ்?" என்ற கேள்வி வந்து எத்தனையோ சாயங்காலங்களைத் தின்றுவிடும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 ஜிபி ரேமும் 64-பிட் ப்ராசசரும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு போதும். 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்போடு வரும் லுபுன்ட்டுவைப் பாருங்கள். 32-பிட் மட்டுமே தெரிந்த ப்ராசசர் என்றால் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன, 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸையே அதில் நேரடியாக நிறுவ முடியாது. ஆன்ட்டிஎக்ஸ் போன்ற சில மட்டும் அவற்றைக் கவனித்து வந்திருக்கின்றன.

டெஸ்க்டாப்பை மாற்றுவதால் மிச்சமாவது சில நூறு எம்பிதான். 2 ஜிபி மெஷினில் அது பெரிய விஷயம். 8 ஜிபி மெஷினில் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் எந்த இயங்குதளம் போட்டாலும் அதன் மேல் நீங்கள் திறக்கப்போவது அதே பிரவுசர், அதே தளங்கள். நாலைந்து கனமான டேப்களே ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். இலகுவான இயங்குதளம் போட்டும் மெதுவாக இருக்கிறது என்று வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்ப்பது பழைய மெஷினுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம், பக்கத்தோடு சேர்ந்து வரும் ஸ்கிரிப்ட்களில் பெரும்பகுதி இறங்காமலே நின்றுவிடும். பயன்படுத்தாத டேப்களைத் தானாக உறங்கவைக்கும் வசதி பிரவுசர்களிலேயே இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் இன்னொரு நல்ல விஷயம் ஸீரேம். நிரம்பி வழிவதை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்வது. சுருக்கவும் விரிக்கவும் ப்ராசசருக்கு வேலைதான், ஆனால் முன்பே பார்த்தோமே, அந்த நேரத்தில் ப்ராசசர் சும்மாதான் இருக்கிறது. வழக்கமான தகவல் பாதியாகவும் அதற்குக் கீழேயும் சுருங்கும் என்பதால் 4 ஜிபி மெஷின் கொஞ்சம் பெரிய மெஷின் மாதிரி நடந்துகொள்ளும். ஃபெடோரா என்ற லினக்ஸ் 2020 முதல் இதை இயல்பாகவே போட்டுத் தருகிறது, மற்றவற்றில் ஒரு சின்ன தொகுப்பை நிறுவினால் போதும். விண்டோஸ் 10-லும் 11-லும் இதே யோசனை வேறு பெயரில் உள்ளேயே இருக்கிறது: டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'சுருக்கப்பட்டது' என்று ஓர் எண் தெரியும், அது எப்போதும் பெரிதாகவே இருந்தால் ரேம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ப்ராசசர் உண்மையாகவே குற்றவாளியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அது வீடியோ. எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கிய பிறகும் என் லேப்டாப்பில் யூடியூப் வீடியோ விட்டுவிட்டுத்தான் ஓடியது, ஃபேன் இரைந்தது, சிபியு 90-ஐத் தாண்டியது. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சின்னக் கருப்புப் பெட்டி வரும். அதில் கோடெக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். விபி09 என்று இருந்தால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1, ஏவிசி1 என்றால் எச்.264. வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகள் இவை. எச்.264-ஐ விரிக்கத் தனிச் சர்க்யூட் பழைய மெஷின்களிலும் இருக்கிறது, அதனால் ப்ராசசர் அசையவே வேண்டாம். விபி9-க்கு முழுமையான சர்க்யூட் இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு 2020-இல் வந்த பதினொன்றாம் தலைமுறையில். அந்தச் சர்க்யூட் இல்லாத மெஷினில் ஒவ்வொரு ஃபிரேமையும் ப்ராசசரே உட்கார்ந்து விரிக்க வேண்டும், இரண்டு கோர் என்றால் மூச்சு வாங்கும். எச்264ஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் அது யூடியூபிடம் எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும். போட்டுவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினேன், கோடெக்ஸ் வரி ஏவிசி1 என்று மாறியது, சிபியு முப்பதுக்குக் கீழே வந்து நின்றது. லினக்ஸில் இந்தச் சர்க்யூட்டைப் பிரவுசர் பயன்படுத்துவதற்குச் சில சமயம் தனி டிரைவரும் ஓர் அமைப்பும் தேவைப்படும், அதையும் பார்த்துவிடுங்கள். 1366-க்கு 768 புள்ளிகள் உள்ள திரையில் வீடியோவை 1080 தரத்தில் வைத்துப் பார்ப்பதாலும் பலன் இல்லை, 720-க்கு இறக்கிவிடலாம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், தயவுசெய்து, பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் சுற்றிய தகடு எந்த நாளும் நிற்கலாம், இயங்குதளம் மாற்றும் நாளில் அதற்கு வழக்கத்தைவிட அதிக வேலை கொடுக்கிறோம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு கருவியில் அதன் உடல்நிலையையும் பார்த்துக்கொள்ளலாம். படிக்க முடியாமல் போன செக்டர்கள் ஏறிக்கொண்டே போனால் மெதுவாக இருப்பதற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கும்.

ரேம் வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து இருப்பதைக் கழற்றி லேபிளைப் படியுங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட்டிலும் ஓடும், சில லேப்டாப்கள் இரண்டாவதை மட்டும்தான் ஏற்கும். மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், அங்கே கூட்ட வழியில்லை. திறந்ததோடு ஃபேனில் அடைத்த தூசியையும் எடுத்துவிடுங்கள். சூடு ஏறினால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது மென்பொருளால் தீராது.

லினக்ஸ் என்றால் நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வேகத்தை அதில் எடை போடாதீர்கள், பென் டிரைவ் எப்போதும் மெதுதான். பார்க்க வேண்டியது வேறு: வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறதா, டச்பேடில் இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் நகர்கிறதா. பிராட்காம் வைஃபை சிப்புகள் சிலவற்றுக்குத் தனியாக டிரைவர் போட வேண்டும். பழைய என்விடியா கார்டு என்றால் அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதுப் பதிப்போடு சேராமல் போகலாம், அப்போது நூவோ என்ற திறந்தமூல டிரைவரோடு சமாளிக்க வேண்டும்.

கைவிட வேண்டிய மெஷின்களும் உண்டு. 2 ஜிபி ரேமும் 32 ஜிபி இஎம்எம்சி என்ற சிப் சேமிப்பும் பலகையோடு பற்றவைத்த சின்ன லேப்டாப்களில் மாற்ற எதுவுமே இல்லை; அவற்றில் சில 64-பிட் ப்ராசசருக்கு 32-பிட் யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் துவக்கும் உள் மென்பொருள்) வைத்து வந்தவை, பல பென் டிரைவ்கள் அதில் துவங்கக்கூட மாட்டா. விண்டோஸ் அப்டேட் ஒன்று இறங்குவதற்கே அங்கே இடம் போதாது. அதில் இலகுவான லினக்ஸ் போட்டு எழுதவும் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ மீட்டிங்குக்கு எதிர்பார்க்காதீர்கள். மற்றபடி சாட்டா இணைப்பும் ஒரு ரேம் ஸ்லாட்டும் இருக்கும் எந்த லேப்டாப்பையும் நான் இன்னும் தூக்கிப் போட மாட்டேன்.

எல்லாம் முடித்து முதல் முறை துவக்கியதும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். புதிதாக நிறுவிய இயங்குதளம் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அப்டேட்களை இறக்கும், ஃபைல் அட்டவணை போடும், ஒருமுறை முழுக்க வைரஸ் சோதிக்கும். சார்ஜரில் போட்டு, நெட்டில் இணைத்து, மூடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் துவக்கி, வழக்கமாகத் திறக்கும் நாலு டேப்களைத் திறந்துவிட்டு, டாஸ்க் மேனேஜரையோ லினக்ஸில் சிஸ்டம் மானிட்டரையோ திறந்து மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க், மெமரி, சிபியு மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பார்த்தால் அடுத்து எதில் கை வைப்பது என்று தெரிந்துவிடும்.